ஒரு மிட்டாய், பத்து மில்லிகிராம்

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோ. நகைக்கடை, மளிகைக்கடை, கொத்து ரொட்டிக் கடை என்று தமிழ்ப் பெயர்ப்பலகைகள் நிறைந்த பகுதி. அங்கே இப்போது உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளும் இருக்கின்றன. அந்தக் கடைகளில் விற்கும் கம்மி மிட்டாய்ப் பை ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் பை. ஒற்றை நிறம். பழமோ பொம்மையோ எதுவும் அச்சிடப்படவில்லை. முகப்பில் சிவப்பு எண்கோணம், அதற்குள் ஒரு கஞ்சா இலை. மஞ்சள் கட்டத்துக்குள் உடல்நல எச்சரிக்கை. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு வில்லை. அதன் நிறம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பையைச் சும்மா கிழித்துவிட முடியாது. ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னோரிடத்தில் இழுக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுத் திறந்தால், உள்ளே ஒரு சில மிட்டாய்கள்தான் இருக்கும்.

கஞ்சாவை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்குவதில் உருகுவே 2013இல் சட்டம் இயற்றி முதல் அடியை எடுத்து வைத்தது. அடுத்ததாக, 2018 அக்டோபர் 17 அன்று, கனடா நாடு முழுவதும் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பனையை அனுமதித்தது. விற்கலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்வி அன்றோடு முடிந்தது. எவ்வளவு, எந்த வடிவில், எந்த உறையில், யாருக்கு என்று நூறு கேள்விகள் அன்றே தொடங்கின. ஒரு குழந்தை மருத்துவமனைக்குப் போகுமா போகாதா என்பது இந்த நூறு கேள்விகளுக்கான விடைகளில்தான் இருக்கிறது. அந்த மிட்டாய்ப் பையின் ஒவ்வொரு அங்கமும் அப்படியொரு விடை.

பையின் பூட்டிலிருந்து தொடங்குவோம். இத்தகைய உறைகளுக்கான பன்னாட்டுச் சோதனை முறை அழகானது. மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகளை உட்காரவைத்து, மூடிய உறையைக் கையில் கொடுத்து, திறக்கச் சொல்வார்கள். 5 நிமிடம். பிறகு ஒரு பெரியவர் எப்படித் திறப்பது என்று பேசாமல் செய்து காட்டுவார். பல்லால் கடிக்கவும் அனுமதி உண்டு. இன்னும் 5 நிமிடம். முதல் கட்டத்தில் நூற்றுக்கு 85 குழந்தைகளாவது தோற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 80 பேராவது தோற்க வேண்டும். அப்போதுதான் உறை தேறும். அது மட்டும் போதாது. 50 முதல் 70 வயது வரையுள்ள பெரியவர்களிடமும் அதே உறையைக் கொடுப்பார்கள். அவர்களில் நூற்றுக்கு 90 பேர் திறந்து மூடிவிட வேண்டும். மூட்டுவலிக்காரப் பாட்டியின் விரலுக்கு வசப்பட்டு, பேரனின் விரலுக்கு வசப்படாத பூட்டு! இந்தச் சோதனையிலும் சில குழந்தைகள் திறந்துவிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். பெண் கஞ்சாச் செடியின் பூங்கொத்தை உருப்பெருக்கியில் வைத்தால், பனி படர்ந்ததுபோல் மின்னும். அருகே போனால் ஒவ்வொரு மினுக்கமும் கண்ணாடிக் காம்பின் மேல் உட்கார்ந்த குட்டி உருண்டை. பார்க்க ஒரு குண்டூசிபோல் இருக்கும். இவற்றைச் சுரப்பிமயிர் என்கிறார்கள். பூச்சியையும் வெயிலையும் சமாளிக்கச் செடி தயாரிக்கும் பிசின் அந்த உருண்டைக்குள் இருக்கிறது. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளின் ஊற்று அதுதான். டெட்ராஹைட்ரோகன்னபினால் என்பதன் சுருக்கம் டி.எச்.சி.

வியப்பு என்னவென்றால், பச்சைச் செடியில் டி.எச்.சி. மிகக் கொஞ்சம்தான். இருப்பதெல்லாம் அதன் அமில வடிவம். அது போதை தராது. நெருப்போ அடுப்போ சூடேற்றும்போது அந்த அமிலம் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றை உதறிவிட்டு டி.எச்.சி.யாக மாறுகிறது. உதறியதால் எடை குறைகிறது: 100 கிராம் அமிலம் மாறினால் 87.7 கிராம் கிடைக்கும். 0.877 என்ற இந்த எண், இரு மூலக்கூறுகளின் எடைகளை வகுத்துக் கிடைப்பது. ஆய்வகங்கள் தினமும் இதைப் பயன்படுத்துகின்றன. கனடாவில் உலர்ந்த பூ விற்கும் டப்பாவில் முன்பு இரண்டு அளவுகள் அச்சிட்டிருந்தார்கள். ஒன்று இப்போது உள்ள டி.எச்.சி., மற்றொன்று சூடேறியபின் உருவாகக்கூடிய மொத்த டி.எச்.சி. முதல் எண் அற்பமாகவும் இரண்டாவது எண் பன்மடங்காகவும் இருந்தது. இரண்டாவது எண்ணைக் கேட்காத சட்டம் ஏமாந்துபோகும்.

நம் இந்தியச் சட்டம் வேறு வழியில் கோடு கிழித்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் செடியின் பூ, காய்த் தலைகள்தான் கஞ்சா. அவற்றிலிருந்து எடுத்த பிசின் சரஸ். இவற்றோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. அதனால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு உரிமக் கடைகளில் விற்கிறது. சுரப்பிமயிர் பூவில் அடர்ந்தும் இலையில் அருகியும் இருப்பதை நினைத்துப் பார்த்தால், இதுவும் ஒரு நுட்பமான கோடு. கனடா வேதியியலால் கிழித்த கோட்டை இந்தியா தாவரவியலால் கிழித்தது. ஆனால் செடியின் எந்த உறுப்பு என்று பார்க்கும் சட்டத்தால் 'எவ்வளவு' என்று கேட்க முடியாது. ஒரு கோப்பைப் பாங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று அதை விற்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது.

மில்லிகிராம் கணக்கு பேசுவதற்கே முதலில் அந்த வேதிப்பொருள் எதுவென்று தெரிய வேண்டும் அல்லவா? 1964 வரை அது சரியாகத் தெரியாது. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற இளம் வேதியியலாளர், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கி, பைக்குள் வைத்துப் பேருந்தில் ஏறி ஆய்வகத்துக்குப் போனார். என்ன வாடை இது என்று சக பயணிகள் மூக்கைச் சுளித்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பையிலிருந்துதான் அவரும் யெஹியேல் கவோனியும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பை வரைந்தார்கள்.

அதைவிடப் பெரிய புதையல் நம் தலைக்குள் இருந்தது. 1988இல் மூளை செல்களின் மேல் டி.எச்.சி. பொருந்தும் ஏற்பி கண்டறியப்பட்டது. ஏற்பி என்றால் குறிப்பிட்ட சாவிக்கு மட்டும் திறக்கும் பூட்டுப் போன்ற புரதம். ஒரு செடியின் பிசினுக்காக மூளை பூட்டு செய்து வைத்திருக்குமா? வைத்திருக்காது. அப்படியானால் உடலுக்குள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டும். 1992இல் மெக்கூலத்தின் ஜெருசலேம் ஆய்வகம் பன்றியின் மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தது. அதற்கு வைத்த பெயர் அனந்தமைடு. நாம் தினமும் புழங்கும் 'ஆனந்தம்' என்ற சொல்தான் அந்தப் பெயரின் வேர். பசி, நினைவு, வலி, தூக்கம், பயம் ஆகியவற்றின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நுண்ணிய ஏற்பாட்டின் பகுதி அது. உடல் அதைத் தேவையான இடத்தில், தேவையான கணத்தில், துளியாகச் சுரந்து உடனே அழித்துவிடும். டி.எச்.சி. அப்படி அடங்காது. எல்லாப் பூட்டுகளையும் ஒரே நேரத்தில் திறந்துபோட்டுவிட்டு மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

அபினும் ஹெராயினும் உயிரைப் பறிப்பதற்குக் காரணம், மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் அவற்றுக்கான ஏற்பிகள் நிறைந்திருப்பது. கஞ்சாவின் ஏற்பிகள் அங்கே மிகக் குறைவு. அதனால் பெரியவர்களில் கஞ்சா மட்டும் அளவு மீறியதால் மூச்சு நின்று இறப்பது மிக அரிது. சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஆறுதல் முழுதாகப் பொருந்தாது. அவர்கள் மயங்கிச் சாய்கிறார்கள். நடை தள்ளாடுகிறது. சிலருக்கு மூச்சு மந்தமாகிச் செயற்கைச் சுவாசம் வரை போகிறது.

இப்போது மிட்டாய்க்கு வரலாம். புகையாக இழுத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியே நிமிடங்களில் மூளையைத் தொடும். தின்றால் குடலைத் தாண்டி, கல்லீரலுக்குள் போய், அங்கே இன்னொரு வேதிப்பொருளாக உருமாறுகிறது. அதுவும் போதை தரக்கூடியது, மூளைக்குள் எளிதில் நுழையக்கூடியது. இந்தப் பயணத்துக்கு அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஆகும். விளைவு 12 மணி நேரம்கூட நீடிக்கும். ஆபத்து இந்தத் தாமதத்தில்தான். ஒரு மிட்டாய் தின்றவர் முக்கால் மணி நேரம் பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று தின்பார். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்து இறங்கும். கனடாவின் விதி இந்த இடத்தைக் குறிவைத்தது: உண்ணும் பொருள் எதுவானாலும் ஒரு பைக்குள் மொத்தம் 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான். சீனியின் சின்னப் பரல்கள் இருபதின் எடை, அவ்வளவே. அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டாவது பையைத் திறக்க வேண்டும். அந்தக் கடினமான பூட்டு யோசிப்பதற்கு ஒரு நிமிடம் வாங்கித் தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 10 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு ஆறில் ஒரு பங்கு மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தை அதே பையைக் காலி செய்தால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது ஆறு மடங்கு. அமெரிக்காவில் கொலராடோ 2014 முதல் சில்லறை விற்பனை நடத்தும் மாநிலம். அங்கே ஒரு பைக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி. அதே குழந்தைக்கு அது கிலோவுக்கு 10 மில்லிகிராம். குழந்தைகளிடம் கடுமையான நச்சு விளைவுகள் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமிலிருந்து எதிர்பார்க்கத்தக்கவை என்று 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. கனடாவின் பை அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது, கொலராடோவின் பை அதை எங்கோ தாண்டிவிடுகிறது. சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு சுழியம்தான் கூடுதல்.

மிட்டாயின் உருவத்துக்கும் கணக்கு உண்டு. கரடிக்குட்டி வடிவ கம்மிகளை எந்தக் குழந்தைதான் விடும்? கொலராடோ 2017 அக்டோபர் முதல் மனிதர், விலங்கு, பழம் போன்ற வடிவங்களைத் தடைசெய்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் அதைவிட ஒரு படி மேலே போனது. குழந்தையைக் கவரும் மிட்டாய், சாக்லேட் எதையும் கஞ்சா சேர்த்து விற்கவே கூடாது என்றது. பக்கத்து ஒன்டாரியோவும், ஆல்பர்ட்டாவும், பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2020 தொடக்கத்திலிருந்து அவற்றை விற்கத் தொடங்கின.

யாரும் திட்டமிடாமலே இங்கே ஒரு பரிசோதனை அமைந்துவிட்டது. ஒரே நாடு, ஒரே மத்தியச் சட்டம், ஒரே பெருந்தொற்றுக் காலம், வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரே மாதிரியான குடும்பங்கள். முக்கிய வேறுபாடு மிட்டாயில். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தவறுதலாகக் கஞ்சா உட்கொண்டு மருத்துவமனையில் சேர்ந்த கணக்கை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2018இல் பூ விற்பனை தொடங்கியதும் நான்கு மாகாணங்களிலும் எண்ணிக்கை ஏறியது. மிட்டாய் வந்த பிறகு மூன்று மாகாணங்களில் மேலும் பெருத்த ஏற்றம். கியூபெக்கில் அந்த இரண்டாவது ஏற்றம் இல்லை. அதே எச்சரிக்கைக் கட்டம், அதே பூட்டு, அதே 10 மில்லிகிராம் எல்லாம் இருந்தும், மிட்டாய் என்ற வடிவமே குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்பியது. கனடாவின் கஞ்சாச் சட்டத்திலிருந்து உலகம் கற்கவேண்டிய ஒரே பாடத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இந்த விஷயத்தில் கியூபெக் சரியாகச் செய்தது. மற்ற மாகாணங்கள் அதைப் பின்பற்ற இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

சட்டத்தின் காவல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2019 இலையுதிர் காலத்தில் அமெரிக்கா பார்த்தது. ஆரோக்கியமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறி விழுந்தார்கள். 2020 பிப்ரவரி நடுப்பகுதிக்குள் மருத்துவமனை வரை வந்தவர்கள் 2,807 பேர், இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெயை ஆவியாக்கும் கருவியில் இழுத்தவர்கள். எண்ணெய்க் குப்பியைச் சாய்த்துப் பார்த்து, உள்ளே குமிழி மெதுவாக நகர்ந்தால் நல்ல சரக்கு என்று நம்புவது வாங்குவோர் வழக்கம். கலப்படக்காரர்கள் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீர்த்த எண்ணெயிலும் குமிழி மெதுவாக நகர, வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற பொருளைக் கலந்தார்கள். முகப்பூச்சில் இருந்தால் தோலுக்குத் தீங்கில்லை, மாத்திரையில் விழுங்கினாலும் தீங்கில்லை. நுரையீரலுக்குள் போனதுதான் வினை. சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் அது இருந்தது.

உரிமம் பெற்றவர்களிடமும் தவறு நடக்கும். அதைப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதே வித்தியாசம். கனடாவில் மருத்துவக் கஞ்சா மட்டும் விற்ற காலத்தில், 2016-17இல், சில உற்பத்தியாளர்களின் சரக்கில் மைக்ளோபியூட்டானில் என்ற பூசணக்கொல்லி சிக்கியது. திராட்சையில் சாம்பல் நோய்க்கு அடிக்கும் மருந்து அது. பழத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு தின்பவரைப் பாதிப்பதில்லை. ஆனால் நெருப்பில் சூடேறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சுவாயு வெளிவரும். சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அதன்பிறகு தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிமருந்துகளுக்கான சோதனை கட்டாயமானது. மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சுவதில் இந்தச் செடி கெட்டிக்காரி. செர்னோபில் அணு விபத்துப் பகுதியின் மண்ணைச் சுத்தம் செய்யமுடியுமா என்று இதன் நார் வகையை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். எனவே ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை. கஞ்சா கெடுதல் என்று சொல்லும்போது எந்தக் கெடுதல் செடியால் வந்தது, எது கலப்படத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்கும் வசதியை இந்தச் சோதனைச் சாலைகள்தான் தந்தன.

சட்டம் மிகவும் திணறிய இடம் சாலை. மதுவுக்கு ஊதச் சொன்னால் போதும். கனடாவில் குற்ற வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராம். உடலில் 5 லிட்டர் ரத்தம் என்றால் மொத்தம் 4 கிராம், ஒரு தேக்கரண்டி தூய சாராயம். டி.எச்.சி.க்கான மேல்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. 5 லிட்டர் ரத்தம் முழுவதையும் வடித்தாலும் கிடைப்பது ஒரு சீனிப் பரலின் இருபதில் ஒரு பங்குதான். மதுவைவிட 1,60,000 மடங்கு சின்ன இலக்கு! அதையும் பிடித்துவிடலாம். ஆனால் மது நீரில் கரையும், டி.எச்.சி. கொழுப்பில் கரையும். புகைத்தபின் ரத்தத்தில் அது சட்டென்று உச்சத்துக்குப் போய், உடனே கொழுப்புக்குள் ஒளியத் தொடங்குகிறது. என்றோ ஒருநாள் புகைத்தவரின் ரத்தத்தில் அளவு இறங்கிவிட்ட பிறகும் தடுமாற்றம் தொடரலாம். தினமும் புகைப்பவரின் கொழுப்பிலிருந்து அது நாள்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். தெளிவாக இருக்கும்போதும் சோதனையில் சிக்கலாம். இரண்டு பக்கமும் பிழை. அதனால் 2 நானோகிராமுக்கு ஒரு தண்டனை, 5க்கு அதைவிடக் கடுமை, மதுவோடு சேர்ந்திருந்தால் 2.5க்கே கடுமை என்று படிக்கட்டு வைத்தார்கள். இருக்கும் அறிவுக்குள் செய்த நேர்மையான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் குறை வேறொன்று. மிட்டாய்க்கு 10 மில்லிகிராம் என்று இவ்வளவு கறாராக இருந்த சட்டம், உலர்ந்த பூவின் வீரியத்துக்கு நாடு தழுவிய உச்சவரம்பு வைக்கவில்லை. 1980களில் பூவில் டி.எச்.சி. சராசரியாக 3 சதவீதம். இன்று 15 சதவீதம், சிலவற்றில் 30 வரை. கள்ளின் இடத்தில் சாராயம் வந்து உட்கார்ந்ததுபோல. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட வீரியமுள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய் தோன்றும் வாய்ப்பு, ஒருபோதும் தொடாதவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான மாகாணங்களில் வாங்கும் வயதோ 19. இங்கும் கியூபெக்தான் 21 என்று வயதை உயர்த்தி, 30 சதவீதத்துக்கு மேற்பட்ட வீரியத்தை விற்கமாட்டேன் என்றது.

கஞ்சாவையும் மனநோயையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் வேலை நம் மண்ணிலும் நடந்தது. பிரிட்டிஷ் அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்த நோயாளிகளை ஒவ்வொருவராகத் துருவினார்கள். பல பதிவுகளில் ஆதாரமே இல்லை. அழைத்துவந்த போலீஸ்காரர் காதில் விழுந்ததைச் சொல்ல, எழுத்தர் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார். முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 3 சதவீதமும் 30 சதவீதமும் அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் குற்றச்சாட்டை எண்ணிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது.

ஸ்கார்பரோவிலோ மிசிசாகாவிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர் யாராவது அந்தப் பையை வாங்கினால், அதைப் பூட்டிய பெட்டிக்குள், உயரத்தில் வையுங்கள். பத்துக் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு அந்த உறை திறந்துவிடலாம். குழந்தை திடீரென்று தூங்கி விழுந்தால், தள்ளாடினால், தின்றிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். காரணம் தெரியாத மயக்கம் என்றால் மருத்துவர்கள் மூளைக்காய்ச்சலா என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், தலையை ஸ்கேன் செய்வார்கள். "கஞ்சா மிட்டாய் தின்றிருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லி, காலிப் பையையும் கையில் கொடுத்துவிடுங்கள். எத்தனை மில்லிகிராம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது.